கிரிப்டோ டெபிட் கார்டு: "கட்டணம் 0" என்கிறார்கள், 220 டாலர் பில்லுக்கு 227 கழிந்திருக்கிறது

வழிப்போக்கன்77:

நான்கு மாதமாக ஒரு கிரிப்டோ டெபிட் கார்டு வைத்திருக்கிறேன். வேலைக்கான பணம் யூஎஸ்டிசியில் (ஒன்றுக்கு ஒரு டாலர் என்று மதிப்பை நிலையாக வைக்கிற ஸ்டேபிள்காயின்) வருகிறது, அதை விற்று வங்கிக்கு மாற்றி என்று அலையாமல் நேராகத் தேய்த்துவிடலாமே என்றுதான் வாங்கினேன். கட்டணப் பக்கத்தில் ஆண்டுக் கட்டணம் 0, மாதக் கட்டணம் 0, செலவு செய்யக் கட்டணம் 0 என்று வரிசையாகப் பூஜ்யம் போட்டிருந்தார்கள். நானும் நம்பிவிட்டேன்.

போன வாரம் வெளிநாட்டில் 200 யூரோவுக்கு ஒரு பில் கட்டினேன். அன்றைக்கு ஒரு யூரோ 1.10 டாலர், ஆக 220 டாலர். ஆப்பில் கழிந்திருப்பதோ 227.34 யூஎஸ்டிசி. மிச்சம் ஏழு டாலர் எங்கே போனது? ஹெல்ப்பில் கேட்டால் "சந்தை விகிதத்தில் மாற்றப்பட்டது" என்று ஒரே பதில், நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில்.

இரண்டாவது தலைவலி வரம்பு. என் கார்டுக்கு ஒரு நாள் வரம்பு 2,500 டாலர். காலை பத்து மணிக்கு வாடகைக்குக் கார் எடுத்தேன் (வாடகையே 310 டாலர்தான்). சாயங்காலம் 1,750 டாலருக்கு ஒரு லேப்டாப் வாங்கப் போனால் கார்டு மறுக்கிறது. வாலட்டில் 4,000க்கு மேல் இருந்தது. சரி, நாள் மாறட்டும் என்று மறுநாள் காலை ஏழரைக்கு ஆன்லைனில் போட்டேன், அப்போதும் மறுப்பு. மதியம் போட்டால் ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா?

கணக்குப்புலி:

முதலில் அந்த 200 யூரோ பரிவர்த்தனையைத் தொட்டு உள்ளே போய் முழு விவரத்தைப் பாருங்கள். கடைக்காரர் கேட்ட தொகை, கார்டின் கணக்கு நாணயத்தில் அது எவ்வளவு, கடைசியில் உங்களிடமிருந்து எடுத்த காயின் எவ்வளவு, இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கும். சில ஆப்களில் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கும், அதையும் விடாமல் போடுங்கள், பிரித்துப் பார்த்துவிடலாம்.

நிறையப் பேர் நினைக்கிற மாதிரி இந்தக் கார்டு கடைக்குக் கிரிப்டோவைக் கொடுப்பதில்லை. கடையைப் பொறுத்தவரை அது வெறும் விசாவோ மாஸ்டர்கார்டோதான். நீங்கள் தேய்க்கிற நொடியில் உங்கள் காயினை விற்று டாலராக்குகிறார்கள், அந்த டாலர் யூரோவாகிக் கடைக்குப் போகிறது. ஆக இரண்டு மாற்றம், இரண்டிலும் யாரோ ஒருவர் கை வைக்கலாம்.

வழிப்போக்கன்77:

பார்த்தேன். 200.00 யூரோ, அடுத்து 220.66 டாலர், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் "எஃப்எக்ஸ் 4.41", கடைசியில் 227.34 யூஎஸ்டிசி. அந்தச் சாம்பல் வரியை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கணக்குப்புலி:

அப்படியானால் கணக்கு நேராக வந்துவிட்டது.

220க்கும் 220.66க்கும் உள்ள 66 சென்ட், கார்டு நெட்வொர்க் அன்றைக்கு வைத்த மாற்று விகிதம். கூகுளில் தெரிகிற நடு விலைக்கும் விசா, மாஸ்டர்கார்டு விகிதத்துக்கும் இப்படிச் சின்ன வித்தியாசம் இருப்பது சகஜம், அதை விட்டுவிடுங்கள், எந்த வங்கிக் கார்டிலும் இது உண்டு. அடுத்து 4.41. 220.66ல் சரியாக 2 சதவீதம், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம். "செலவு செய்யக் கட்டணம் 0" என்றால் கார்டின் சொந்த நாணயத்தில் செலவு செய்தால் 0 என்று பொருள், வேறு நாணயத்துக்குத் தனிப் பக்கம் இருக்கும், போய்த் தேடிப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் 225.07. ஆனால் உங்களிடம் எடுத்தது 227.34. 225.07ஐ 0.99ஆல் வகுத்துப் பாருங்கள், அதே எண் வரும். அதாவது உங்கள் ஒரு யூஎஸ்டிசியை 99 சென்ட் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதுதான் ஸ்ப்ரெட். இதற்குக் கட்டணம் என்று பெயர் கிடையாது என்பதால் கட்டணப் பக்கத்தில் வராது, அவர்கள் பூஜ்யம் போட்டதும் அந்த அளவில் பொய் இல்லை.

மொத்தம் 7.34 டாலர், 3.3 சதவீதம். இதில் எனக்கு எரிச்சல் கடைசிப் பகுதி மேல்தான். காயின்பேஸ் கார்டு 2019ல் பிரிட்டனில் வந்தபோது காயினை மாற்ற 2.49% என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். அதிகம்தான், ஆனால் தெரிந்தே கொடுக்கிறோம். விலைக்குள் ஒளித்து வைத்தால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. அதிலும் யூஎஸ்டிசிக்கு மாற்றுக் கட்டணமே வாங்காத கார்டுகள் இருக்கும்போது ஸ்டேபிள்காயினுக்கு 1% என்பது கொஞ்சம் ஓவர். பிட்காயின், ஈத்தர் என்றால் விலை ஏறி இறங்குகிறது, அந்த ரிஸ்க்குக்கு வாங்குகிறோம் என்றாவது சொல்லலாம்.

நான் சொல்வது சரியா என்று பார்க்க ஒரு வழி: கார்டின் சொந்த நாணயத்திலேயே, அதாவது டாலரில், சின்னதாக ஒன்று வாங்குங்கள். வெளிநாட்டுக் கட்டணம் அதில் கலக்காது. அப்போதும் கூடுதலாகப் போனால் அது முழுக்க ஸ்ப்ரெட்தான்.

அப்புறம், வெளிநாட்டில் மெஷின் "டாலரில் கட்டுகிறீர்களா, யூரோவிலா" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு யூரோவை அமுக்குங்கள். டாலரை அமுக்கினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் பக்கம் வைக்கும், அது பெரும்பாலும் நெட்வொர்க் விகிதத்தைவிட மோசம்.

நாலணா:

கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். இவ்வளவு கணக்குப் போடுவதற்கு மாதம் ஒரு தடவை எக்ஸ்சேஞ்சில் விற்று வங்கிக்கு அனுப்பி, வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத சாதா டெபிட் கார்டைத் தேய்த்தால் என்ன?

வழிப்போக்கன்77:

@நாலணா, நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு 1% கேஷ்பேக் வருகிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

நாலணா:

எதில் வருகிறது? டாலரிலா, அவர்களே வெளியிட்ட காயினிலா, அதாவது சொந்த டோக்கனிலா?

வழிப்போக்கன்77:

டோக்கனில் 😐

பழைய_வாலட்:

கேஷ்பேக் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் கடைக்காரர் பக்கத்து வங்கி கார்டு கொடுத்தவருக்கு ஒரு பங்கு தருகிறது, இன்டர்சேஞ்ச் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண டெபிட் கார்டுக்கு அது 0.2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2015லிருந்தே சட்டம். 0.2% வருமானத்திலிருந்து ஒருவர் உங்களுக்கு 2%, 3% திருப்பித் தருகிறார் என்றால் மிச்சம் வேறு எங்கிருந்தோ வர வேண்டும்: உங்கள் ஸ்ப்ரெட், முதலீட்டாளர் பணம், அல்லது அவர்களே அச்சடித்த டோக்கன். அமெரிக்காவில் சின்ன வங்கிகள் வெளியிடுகிற கார்டுகளுக்கு இன்டர்சேஞ்ச் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது, அதனால் அங்கே கேஷ்பேக் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

டோக்கனைப் பூட்டி வைத்தால் அதிக கேஷ்பேக், உயர்ந்த ஏடிஎம் வரம்பு என்கிற திட்டங்களில் கவனம். கிரிப்டோ.காம் 2022 மே மாதம் கார்டுச் சலுகைகளை வெட்டியது, எதிர்ப்பு வந்ததும் கொஞ்சம் தளர்த்தியது. 2021 நவம்பரில் 90 சென்ட்டைத் தாண்டியிருந்த அவர்களின் சிஆர்ஓ டோக்கன் 2022 நடுவில் 15 சென்ட்டுக்கும் கீழே. கேஷ்பேக்குக்காக ஆயிரக்கணக்கில் அதைப் பூட்டி வைத்தவர்களுக்கு எத்தனை வருடம் தேய்த்தாலும் அந்த இழப்பு வசூல் ஆகாது.

இதைவிடப் பெரிய விஷயம், கார்டு என்பது ஒரு சங்கிலி. ஆப் ஒருவர், கார்டை வெளியிடுகிற நிறுவனம் இன்னொருவர், மேலே நெட்வொர்க். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். 2018 ஜனவரியில் ஜிப்ரால்டரின் வேவ்க்ரெஸ்ட் நிறுவனத்தை விசா உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியபோது, அதை நம்பியிருந்த பல கிரிப்டோ கார்டுகள் ஒரே நாளில் செத்தன. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு திவாலானதும், பிரிட்டனில் அதன் கிளை நிறுவனத்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்சிஏ சில நாள் நிறுத்தி வைத்தது, அதன் வழியாக வந்த கார்டுகள் எல்லாம் முடங்கின. பைனான்ஸ் (Binance) எக்ஸ்சேஞ்சின் ஐரோப்பியக் கார்டு 2023 டிசம்பர் 20ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் கார்டுக் கணக்கில் ஒரு வாரச் செலவுக்கு மேல் நான் வைப்பதில்லை. பயணத்தில் இருந்தால் வேறு வங்கியின் சாதா கார்டு ஒன்று பையில் கண்டிப்பாக இருக்கும்.

வரம்புக்காரி:

லேப்டாப் கதைக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை. 😀

கார் எடுத்தபோது வாடகை 310 மட்டும் போயிருக்காது. வாடகைக் கார், ஹோட்டல், சில ஊர்களில் பெட்ரோல் பம்ப், இவர்கள் எல்லாம் முதலில் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைப்பார்கள், அதுதான் ஹோல்டு. ஆப்பில் "நிலுவை" என்று ஒரு வரி இருக்கும், எவ்வளவு என்று பாருங்கள். என் கணிப்பு 750க்கு மேல்.

அந்த ஹோல்டு செலவாகவில்லை, ஆனாலும் நாள் வரம்பில் கணக்கு ஏறும். ஹோல்டும் லேப்டாப்பும் சேர்ந்து 2,500ஐத் தாண்டியதால்தான் சாயங்காலம் மறுத்தது. மறுநாள் காலையிலும் ஏன் மறுத்தது என்றால், பல கார்டுகளில் "நாள்" என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை, நகர்கிற 24 மணி நேரம். முந்தின நாள் காலை பத்து மணி ஹோல்டு மறுநாள் பத்து மணி வரைக்கும் எண்ணிக்கையில் நிற்கும். ஏழரைக்குப் போட்டால் மறுக்கும், மதியம் போட்டால் போகும். நீங்கள் சொன்னது அச்சு அசலாக இதுதான். வேறு சில கார்டுகளில் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் நள்ளிரவானால் பூஜ்யமாகும், அதுவும் உங்கள் நள்ளிரவாக இருக்காது.

வரம்பு என்றால் ஒரே எண் என்று நினைக்காதீர்கள். ஒரு தேய்ப்புக்கு, ஒரு நாளுக்கு, ஒரு மாதத்துக்கு, ஏடிஎம்முக்குத் தனியாக, ஒரு நாளில் எத்தனை தடவை என்று தனியாக, கணக்கில் அதிகபட்சம் எவ்வளவு வைக்கலாம் என்று இன்னொன்று. இதில் எது முதலில் முட்டுகிறதோ அதில் கார்டு நின்றுவிடும். மாத வரம்பை யாரும் பார்ப்பதே இல்லை. ஒரு நாளைக்கு 2,500, மாதத்துக்கு 10,000 என்று போட்டிருந்தால் நான்கு நாளில் மாதமே முடிந்துவிடும். ஏடிஎம்மில் இன்னும் மோசம். கார்டுக்காரர் மாதத்துக்கு இவ்வளவு வரை இலவசம், அதற்கு மேல் இத்தனை சதவீதம் என்பார், மெஷின் வைத்திருப்பவர் தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் போடுவார், மெஷினுக்கும் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கும். அதனால் பெரிய தொகையை மூன்று தடவையாக எடுத்து மூன்று தடவை அந்தக் கட்டணத்தைக் கட்டுவீர்கள். பணமாக எடுப்பதற்குக் கிரிப்டோ கார்டு சரியான கருவியே இல்லை.

வாடகைக் காருக்கும் ஹோட்டலுக்கும் நான் கிரிப்டோ கார்டைக் கொடுப்பதே இல்லை. ஒரு தடவை கொடுத்தேன், அப்போது கார்டில் ஈத்தரைத்தான் செலவுக்கு வைத்திருந்தேன். ஹோல்டு போட்ட நொடியில் ஈத்தரை விற்றுவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஹோல்டு விடுபட்டது, திரும்பி வந்தது டாலர், ஈத்தர் இல்லை. நடுவில் விலை நன்றாகவே ஏறியிருந்தது. பொருளைத் திருப்பிக் கொடுத்து ரீஃபண்ட் வாங்கினாலும் இதே கதைதான்.

புதுமுகம்_எக்ஸ்:

கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) இல்லாமல் கார்டு தருகிறோம் என்று விளம்பரம் பார்த்தேன், அதில் இந்த வரம்புத் தொல்லையெல்லாம் இருக்காதா?

வரம்புக்காரி:

நேர் எதிர். அடையாளம் காட்டாத கார்டுக்குத்தான் வரம்பு மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐந்தாம் பணமோசடித் தடுப்பு விதி, பெயர் இல்லாத ப்ரீபெய்டு கார்டுக்கான எல்லையை 250 யூரோவிலிருந்து 150க்கு இறக்கியது, ஆன்லைனில் ஒரு தடவைக்கு 50தான். சட்டப்படி அதற்கு மேல் கொடுக்க முடியாத இடத்தில் ஒருவர் "கேஒய்சி இல்லை, வரம்பும் இல்லை" என்றால் அந்தக் கார்டு யார் பெயரில், எதற்காக வாங்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். பல நேரம் யாரோ ஒரு கம்பெனி பெயரில் மொத்தமாக எடுத்த கார்டுகள் அவை. ஒரு நாள் மொத்தமாக மூடுவார்கள், "இது என் பணம்" என்று காட்ட உங்களிடம் ஒரு காகிதம்கூட இருக்காது.

சாவி_என்னிடம்:

எல்லோரும் ஆப்பில் பணம் போட்டு வைக்கிற கார்டுகளைப் பற்றியே பேசுகிறீர்கள், சொந்த வாலட்டிலிருந்தே கழிகிற கார்டுகளும் இப்போது உண்டு. நோசிஸ் பே, மெட்டாமாஸ்க் கார்டு மாதிரி. தேய்க்கிற வரைக்கும் காயின் உங்கள் சாவியின் (வாலட்டைத் திறக்கிற ரகசியக் குறியீடு) கீழேயே இருக்கும், அதனால் பழைய_வாலட் சொன்ன மாதிரி கம்பெனி விழுந்தால் கார்டு போகும், மிச்சப் பணம் போகாது.

இங்கே வரம்பு வேறு மாதிரி வேலை செய்யும். மெட்டாமாஸ்க் கார்டில் "இந்த ஒப்பந்தம் (தானாக ஓடுகிற ஸ்மார்ட் கான்ட்ராக்ட் நிரல்) என் வாலட்டிலிருந்து இவ்வளவு வரை எடுக்கலாம்" என்று நீங்களே ஒரு அனுமதி கையெழுத்துப் போடுவீர்கள். 500 என்று போட்டு, 500ம் செலவாகிவிட்டால், வாலட்டில் 5,000 இருந்தாலும் கார்டு மறுக்கும். முதல் தடவை எனக்கு இது புரியாமல் கவுண்டரில் நின்று வாலட்டையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. எரிச்சலில் "வரம்பில்லை" என்று அனுமதி கொடுத்துவிடாதீர்கள், அந்த ஒப்பந்தத்தில் ஓட்டை ஏதாவது இருந்தால் முழுசும் போய்விடும்.

காயினைக் கார்டுக்கு அனுப்ப பிளாக்செயின் வாங்குகிற நெட்வொர்க் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். பிட்காயினில் 2017 டிசம்பரில் சராசரிக் கட்டணம் ஒரு பரிமாற்றத்துக்கே 50 டாலரைத் தாண்டியது, அப்படிப்பட்ட நாளில் 100 டாலரைக் கார்டுக்கு ஏற்றுவது வேடிக்கை. எத்தீரியம் முதன்மைச் சங்கிலியை விட்டு, உங்கள் கார்டு ஏற்கிற ஏதாவது ஒரு லேயர் 2 (எத்தீரியத்தின் மேல் ஓடுகிற மலிவான துணைச் சங்கிலி) வழியாக அனுப்பினால் சில சென்ட்டோடு முடிந்துவிடும். ஆனால் கார்டு அந்தச் சங்கிலியை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், தப்பான சங்கிலியில் அனுப்பித் தொலைத்தவர்களின் புலம்பல் இங்கேயே நிறைய இருக்கிறது.

கணக்குப்புலி:

வரியையும் யாராவது சொல்ல வேண்டும். பல நாடுகளில் தேய்க்கிறது என்றால் விற்பது. அமெரிக்க வருமான வரித் துறை 2014லேயே கிரிப்டோவைச் சொத்து என்று சொல்லிவிட்டது, அதனால் பிட்காயினை வைத்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை தேய்த்தால் ஐந்து விற்பனை, ஐந்துக்கும் வாங்கின விலை, விற்ற விலை குறித்து வைக்க வேண்டும். யூஎஸ்டிசி என்றால் லாபம் ஏறக்குறைய பூஜ்யம், ஆனால் பதிவு பதிவுதான். மாதா மாதம் பரிவர்த்தனைப் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கார்டை மூடினால் பழைய விவரமும் சேர்ந்து போய்விடும்.

ஸ்டேபிள்காயின் என்றாலும் எப்போதும் ஒரு டாலர் என்று நம்பிவிட வேண்டாம். 2023 மார்ச் 11 அன்று யூஎஸ்டிசி 0.90க்கும் கீழே போனது, அதன் கையிருப்பில் 3.3 பில்லியன் டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டியிருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது, ஆனால் அந்த வார இறுதியில் தேய்த்தவர்களுக்கு அந்த விலைதான்.

வழிப்போக்கன்77:

எல்லோருக்கும் நன்றி, ஒரு வாரம் கழித்து வந்து சொல்கிறேன்.

50 டாலருக்கு டாலரிலேயே ஒன்று வாங்கிப் பார்த்தேன், கழிந்தது 50.51. கணக்குப்புலி சொன்ன அதே 1%. வெளிநாட்டுச் செலவை இனிமேல் நாலணா வழியில் விற்று வங்கிக்கு மாற்றித்தான் செய்யப் போகிறேன். இந்தக் கார்டை ஆன்லைன் சந்தா இரண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதையும் முதல் மாதம் பார்த்துவிட்டுத்தான்.

வரம்புக்காரி சொன்ன நிலுவை வரியும் இருந்தது. 800 டாலர்! கார் கொடுத்தவர்கள் 310ஐத் தனியாக எடுத்துக்கொண்டு 800ஐ அப்படியே விட்டுவைத்திருந்தார்கள், ஒன்பதாம் நாள்தான் விடுபட்டது. இதில் இன்னொன்று கண்ணில் பட்டது. பிடிக்கும்போது என் வாலட்டிலிருந்து எடுத்தது 808.08 யூஎஸ்டிசி. திரும்பி வந்தது 800 டாலர். நான் ஒன்றுமே வாங்காததற்கு எட்டு டாலர்.

கணக்குப்புலி:

அதை விடாதீர்கள். நடக்காத செலவுக்கு மாற்று விலை எடுக்க முடியாது. பிடித்த வரி, விடுபட்ட வரி இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து டிக்கெட் போடுங்கள். "சந்தை விகிதத்தில் மாற்றப்பட்டது" என்று ஐந்தாவது பெயரில் ஒருவர் வருவார், அவரிடம் 808.08 எந்தச் சந்தையில் என்று மட்டும் கேளுங்கள்.